ஃபேன்டசி கிரிக்கெட் ஆடியவருக்குத் தண்டனை உண்டா?

கேள்வி: மதுரையில் தனியார் நிறுவன ஊழியர் நான். 2025 ஏப்ரலில் ஃபேன்டசி கிரிக்கெட் (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்களின் ஆட்டத்துக்கேற்பப் புள்ளி பெறும் விளையாட்டு) செயலி ஒன்றில் முதன்முறையாக 10,000 ரூபாய் கட்டி, மே மாதம் 34,000 ரூபாயை மொத்தமாக எடுத்தேன். கைக்கு 26,800தான் வந்தது. இப்போது கட்டணப் போட்டிகளே இல்லை. இது திறமை விளையாட்டு என்று நீதிமன்றமே சொன்னதே? ஆடுபவருக்குத் தண்டனை கிடையாது, வெளிநாட்டுச் செயலிக்கு மாறலாம் என்கிறார் நண்பர். மாறலாமா?

பதில்: வேண்டாம். இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்யும் மத்தியச் சட்டத்தோடு நண்பர் நிறுத்திக்கொண்டார். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த அந்தச் சட்டம், பண விளையாட்டை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. விளம்பரம் செய்பவரையும் பணம் கைமாற உதவுபவரையும் விடவில்லை. ஆடுபவரைத் தண்டிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி, இணையத்தில் சூதாடுபவருக்கே 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். வெளிநாட்டுச் செயலியில் அணித் தேர்வுக்குப் பக்கத்திலேயே நேரடிப் பந்தயமும் இருந்தால், அதில் பணம் வைப்பது சூதாட்டம்தான். வென்ற பணத்தை அவர்கள் தராவிட்டால் எந்தக் காவல் நிலையத்தில் போய்ச் சொல்வீர்கள்?

திறமை வாதத்துக்கு ஒரு காலம் இருந்தது. 2017இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆயினும் சூதாட்டம், மாநிலங்கள் சட்டம் இயற்றும் மாநிலப் பட்டியலில் இருப்பதால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறியது. அதே 2017இல் தெலங்கானா, பணம் வைத்தால் திறமை விளையாட்டும் சூதாட்டமே என்று சட்டத்தைத் திருத்தியது. 2025 சட்டம் இந்தச் சச்சரவையே ஓரம் கட்டிவிட்டது. பணம் வெல்லலாம் என்று எதிர்பார்த்துப் பணம் கட்டினால், திறமையோ அதிர்ஷ்டமோ, தடைதான்.

நீங்கள் கேட்காத ஒன்று, வரி. குறைந்த 7,200 ரூபாய் எங்கும் போகவில்லை. நிகர வெற்றியான 24,000க்கு 30 சதவீதம் பிடித்திருக்கிறார்கள். அந்த வரியின் மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வை (செஸ்) சேர்ந்தால் மொத்த வரி 7,488. மீதி 288 உங்கள் பொறுப்பு. அடிப்படை விலக்கு வரம்பு இதற்கு உதவாது. அணி சொல்லித்தரும் குழுவுக்குச் சந்தா கட்டியிருந்தாலும் (பலர் கட்டினார்கள்!) கழிக்க முடியாது. சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் வருமான வரிக் கணக்குப் படிவமான ஐடிஆர்-1 இந்த வருமானத்துக்குச் செல்லாது. 2025-26 நிதியாண்டுக்கு ஐடிஆர்-2 தாக்கல் செய்யுங்கள். அதற்கு முன், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அந்த 7,200 பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.