தம்பிக்கு ஒத்துக்கொள்ளாத மாத்திரையை அக்கா சாப்பிடலாமா?

கேள்வி: என் வயது 46. வலிப்புக்காக என் தம்பிக்கு கார்பமஸபைன் மாத்திரை கொடுத்தார்கள். பதினாறாம் நாள் காய்ச்சல், கண் எரிச்சல், வாயெல்லாம் புண். அப்புறம் தோல் உரிய ஆரம்பித்தது. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம் என்றார்கள். நல்லவேளை, பிழைத்துவிட்டான். இப்போது எனக்கு முக நரம்பு வலி. எனக்கும் அதே மாத்திரையை எழுதியிருக்கிறார்கள்! இன்னும் தொடவில்லை. இதற்கிடையே ஓர் ஆராய்ச்சிக்காகத் தம்பியின் ரத்தம் கேட்கிறார்கள். மறுபடி அந்த மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்களோ என்று வீட்டில் பயம். கொடுக்கலாமா? - ஒரு வாசகி

பதில்: தொடாமல் வைத்தீர்களே, அதுவே சரி. சீட்டு எழுதிய டாக்டரிடம் திரும்பப் போய், "கூடப்பிறந்த தம்பிக்கு இதே மாத்திரையில்தான் தோல் உரிந்தது" என்று சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்றால் நீங்களாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சு திணறி மயங்கி விழும் ஒவ்வாமை வேறு. தம்பிக்கு வந்தது வேறு. இது பெரும்பாலும் மருந்து தொடங்கிய நான்கு நாள் முதல் நான்கு வாரத்துக்குள் வரும். அம்மை, வைரஸ் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குகிறவர்கள் உண்டு. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, இப்படி வந்த ஒருவரின் கையிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கழற்றினேன். தோலும் கூடவே வந்தது. இன்றும் மறக்கவில்லை.

நம் செல்கள் ஒவ்வொன்றும் தனக்குள் இருப்பதில் ஒரு துணுக்கை எடுத்து வெளியே நீட்டிக் காட்டும். நீட்டும் கை மாதிரியான புரதம்தான் எச்எல்ஏ. அதில் பி 15:02 என்ற வகை உள்ளவர்களுக்கு கார்பமஸபைன் அந்தக் கையில் போய் ஒட்டிக்கொள்ள, எதிர்ப்பு அணுக்கள் அதை எதிரி என்று எடுத்துக்கொண்டு தோல் செல்களைக் கொல்கின்றன. 2004இல் தைவானில் இதைக் கண்டுபிடித்தார்கள். கார்பமஸபைனால் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தால் 44 பேருக்கும் இந்த வகை இருந்தது. மருந்து ஒத்துக்கொண்ட 101 பேரில் மூவருக்குத்தான் இருந்தது. அதே நாட்டில் மருந்து தொடங்கும் முன்பே சுமார் 4,900 பேரைச் சோதித்து, இந்த வகை உள்ளவர்களுக்கு மட்டும் வேறு மருந்து கொடுத்தார்கள். பழைய கணக்குப்படி பத்துப் பேருக்காவது வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை. 2011இல் இந்த முடிவு வெளியானது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எச்எல்ஏ வகை அப்பா, அம்மாவிடமிருந்து பரம்பரையாக வருவது. அவர்களில் ஒருவரிடமிருந்து தம்பிக்கு இந்த வகை வந்திருந்தால், உங்களுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தோல் உரியாது, நூறில் சிலருக்குத்தான். ஆனால் யார் அந்தச் சிலர் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ரத்தப் பரிசோதனை செய்து, 'இல்லை' என்று வந்தாலும், ஏ 31:01 போல வேறு வகைகளும் ஆபத்தோடு தொடர்புள்ளவை. அதனால் உங்கள் இடத்தில் நானாக இருந்தால் கார்பமஸபைனைத் தொடவே மாட்டேன். அதன் நெருங்கிய உறவான ஆக்ஸ்கார்பஸபைனும் வேண்டாம், ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தும் அப்படியே. முக நரம்பு வலிக்கு கபாபென்டின், பாக்லோஃபென் எல்லாம் இருக்கின்றன. கார்பமஸபைன் அளவுக்கு எல்லோருக்கும் வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முயன்று பார்க்கலாம். வலி அடங்காவிட்டால் அறுவை சிகிச்சையும் உண்டு.

அடுத்தது ரத்தம். மறுபடி மருந்து கொடுத்துப் பார்ப்பார்களோ என்ற பயம் வேண்டாம். பென்சிலின் ஒவ்வாமையில், ஆபத்து குறைவு என்று தெரிந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே சிறு அளவில் கொடுத்துப் பார்ப்பது உண்டு. தோல் உரியும் இந்த நோயில் அப்படிச் செய்வதில்லை, உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பிழைத்தவர்களின் ரத்தம் ஆராய்ச்சியாளர்களுக்கு இவ்வளவு தேவைப்படுகிறது. தோல் செல்களைக் கொல்லும் கிரானுலைசின் என்ற பொருளையே நோயாளிகளின் கொப்புளத்து நீரில்தான் கண்டுபிடித்தார்கள். 2024இல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளின் தோல் துணுக்குகளை அலசி, 'ஜாக்' என்ற சமிக்ஞைப் பாதை அளவுக்கு மீறி இயங்குவதைப் பார்த்தார்கள். அதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்த ஏழு பேரும் தேறினார்கள். ஏழே பேர்தான், இன்னும் பெரிய ஆய்வு வேண்டும்.

கையெழுத்துப் போட வேண்டியது தம்பிதான், வீட்டார் இல்லை. போடும் முன் அவர் கேட்கட்டும்: ரத்தம் எவ்வளவு எடுப்பார்கள், பெயர் வெளியே போகுமா, மரபணு முடிவை அவருக்கும் சொல்வார்களா, பாதியில் விலகலாமா? விலகினாலும் சிகிச்சை குறையக் கூடாது. முடிவைச் சொல்வார்கள் என்றால் அது உங்களுக்கும் உபயோகம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தம்பியின் கண்ணைக் கண் மருத்துவரிடம் காட்டினீர்களா? தோல் ஆறிய பிறகும் கண் வறண்டு, இமை உள்பக்கம் மடங்கி, கருவிழியில் தழும்பு விழலாம். மணல் உறுத்துவதுபோல இருக்கிறது என்று அவர் சொன்னால் இந்த வாரமே கூட்டிப் போங்கள்.