கறள் தின்னும் உருக்கும் வெண்தூள் பூக்கும் அலுமினியமும்

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முல்லைத்தீவுக் கரையிலிருந்து வவுனியாவுக்கு மீன் ஏற்றும் கப் வாகனம் ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். பின்பெட்டியின் முன்மூலைகளையும் கதவுகளின் அடிப்பகுதியையும் கறள் தின்றுவிட்டது. கனடாவில் இருக்கும் மைத்துனர், அங்கே ஃபோர்ட் கப் வாகனங்கள் அலுமினிய உடலுடன் வருவதாகவும் அவை கறள் பிடிப்பதே இல்லை என்றும் சொல்கிறார். என் வாகனத்தின் உடலையும் அலுமினியத் தகட்டுக்கு மாற்றலாமா? (வாசகர், முல்லைத்தீவு)

பதில்: மைத்துனர் சொல்வதில் பிழையில்லை. ஃபோர்ட் நிறுவனம் தனது எஃப்-150 வாகனத்தின் உடலையும் பின்பெட்டியையும் 2015ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அலுமினியக் கலப்புலோகத்தில் செய்து வருகிறது. அந்த மாற்றத்தில் வாகனத்தின் எடை 700 இறாத்தல் வரை, அதாவது ஏறத்தாழ 317 கிலோ வரை குறைந்ததாக நிறுவனம் அறிவித்தது. ஆயினும் அந்த வாகனத்தின் சசி, அதாவது அடிச்சட்டம், இன்றும் உருக்குத்தான் என்பதை மைத்துனரிடம் கேட்டுப் பாருங்கள். எடை குறைவதற்கான கணக்கு எளியது. அலுமினியத்தின் அடர்த்தி உருக்கினுடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அதன் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே, அதே அளவு வளையாமல் நிற்க வேண்டுமானால் தகட்டை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தடிப்பாக்க வேண்டும். அப்படித் தடிப்பாக்கிய பிறகும் எடை உருக்குத் தகட்டின் பாதியளவில் நின்றுவிடுகிறது.

எல்லாத் தகட்டுக்கும் ஒரே உலோகம்தான் பொருந்தும் என்றில்லை. 2016இல் செவ்ரோலே நிறுவனம் இரு வகைப் பின்பெட்டிகளிலும் கொங்கிறீட் கற்களைக் கொட்டி, அலுமினியப் பெட்டி துளைபடுவதை விளம்பரமாகக் காட்டியது. அதே நிறுவனம் 2019ஆம் ஆண்டு மாதிரியில் பொனற்றையும் கதவுகளையும் பின்கதவையும் அலுமினியத்துக்கு மாற்றி, பின்பெட்டியை மட்டும் உருக்காகவே வைத்துக்கொண்டது. திறந்து மூடும் பாகத்தில் எடையைக் குறைத்து, அடிபடும் பாகத்தில் உருக்கை விட்டு வைத்த அந்தப் பிரிப்பு நியாயமானது என்பதே என் எண்ணம்.

இனி உங்கள் வாகனம். அலுமினியம் கறள் பிடிக்காது என்பதை, அது அரிபடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்றுப் பட்டவுடன் அதன்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று உருவாகி அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. உப்பு நீரிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தை ஆங்காங்கே உடைத்து ஊசிமுனை அளவான குழிகளைத் தோண்டுகிறது. மீன் பெட்டியிலிருந்து வடியும் நீரோ ஐஸ் கரைந்த தண்ணீரும் கடலுப்பும் கலந்தது. இறப்பர் விரிப்பின் கீழே அது இரவு முழுவதும் தேங்கிக் கிடந்தால் எந்த உலோகமும் தாங்காது. அதைவிடப் பெரிய ஆபத்து, உருக்குச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகட்டை நேரடியாகப் பொருத்துவது. இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, இடையில் உப்பு நீரும் இருந்தால் அது ஒரு மின்கலமாகவே செயற்படும். அந்த மின்கலத்தில் கரைந்து போவது அலுமினியம். பல ஆண்டுகளுக்கு முன்னர் நானே ஒரு மீன் வாகனத்தின் பெட்டிக்கு அலுமினியத் தகடு விரித்து இரும்புப் போல்ட்டுகளால் இறுக்கிக் கொடுத்தேன். இரண்டாவது மாரி முடிவதற்குள் ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் வெண்தூள் பொங்கி, விரலால் அழுத்தினால் தகடு அப்பளம்போல் உடைந்தது. அந்த வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இன்றும் அதை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது.

ஆகவே உடலை மாற்ற வேண்டாம். கறள் தின்ற பகுதியை நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டியெடுத்து, துத்தநாகம் பூசிய உருக்குத் தகட்டை வெல்டிங் செய்து ஒட்டி, உட்புறத்துக்கும் கறள்காப்புப் பூச்சு அடித்து, பொருத்துகளை மூடிவிடுங்கள். கதவின் அடிவிளிம்பில் நீர் வடிவதற்காகச் சிறு துளைகள் உண்டு. கிரவல் வீதிகளின் செம்மண் தூசி மாரி மழையில் நனைந்து அந்தத் துளைகளை அடைத்துவிட, கதவுக்குள் தண்ணீர் தேங்கி நின்று உள்ளிருந்து வெளியே தின்று வருகிறது. வெளியே பெயின்ற் கொப்புளித்து நீங்கள் காணும்போது உள்ளே ஏற்கெனவே ஓட்டை விழுந்திருக்கும். ஒரு மெல்லிய கம்பியால் மாதம் ஒருமுறை அத்துளைகளைக் குத்தி விடுங்கள். மீன் இறக்கிய அன்றே விரிப்பைத் தூக்கிப் பெட்டியைக் கழுவுங்கள். கரையோரக் கிணறு உவராக இருந்தால் அந்த நீரில் கழுவி எந்தப் பயனும் இல்லை, நன்னீர் கிடைக்கும் இடத்தில் நிறுத்திக் கழுவுங்கள்.

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு கராஜில் ரிங்கரிங் வேலை பழகுகிறேன். அலுமினியத் தகட்டில் நெளிவு எடுப்பதும் உருக்கில் எடுப்பது போலத்தானே? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: இல்லை, தம்பி. பழகும் காலத்திலேயே இதைக் கேட்டது நல்லது. உருக்குத் தகட்டைத் தட்டும்போது அது பழைய வடிவத்துக்குத் திரும்ப ஓரளவு ஒத்துழைக்கும்; அலுமினியம் அப்படித் திரும்பாது, தட்டத் தட்ட இறுகி இறுதியில் வெடிக்கும். சூடாக்கித்தான் வேலை செய்ய வேண்டும். ஆனால் உருக்கைச் சூடாக்கும்போது அது சிவந்து எச்சரிக்கும். அலுமினியக் கலப்புலோகமோ நிறம் மாறாமலே இருந்து, திடீரென்று உருகி விழுந்துவிடும். தூய அலுமினியமே 660 பாகை செல்சியசில் உருகும். அதன் மேலுள்ள ஒட்சைட்டுப் படலம் உருகுவதற்கு 2000 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே ஒட்டு (வெல்டிங்) வைப்பதற்கு முன்னர் அந்தப் படலத்தைச் சுரண்டி நீக்க வேண்டும், ஒட்டும் இடத்தில் காற்றுப் படாமல் காக்க ஆகன் வாயுவும் வேண்டும். உருக்கை உரஞ்சிய அதே தட்டையும் கம்பித் தூரிகையையும் அலுமினியத்தில் வைக்கவே கூடாது. அதில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் தகட்டுக்குள் பதிந்து, பெயின்ற் அடித்த பிறகு உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். கருவிகளைத் தனியே வையுங்கள். அலுமினியத் தூள் தீப்பற்றக் கூடியது என்பதையும் மறக்க வேண்டாம்; உரஞ்சும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டு வேலை நடக்கக் கூடாது.

தொழிற்சாலையில் அத்தகைய உடல்களைப் பெரும்பாலும் றிவெட்டும் பசையும் சேர்த்தே பொருத்துகிறார்கள். பழுது பார்க்கும்போது அதே முறையைத்தான் பின்பற்ற வேண்டும். கண்ட இடத்தில் ஒட்டு வைத்தால் தகட்டின் பலம் போய்விடும்.

கேள்வி: பழைய கப் வாகனம் வாங்குபவர்கள் காந்தம் வைத்துப் பார்க்கிறார்களே, அது சரியா? (வாசகர், மன்னார்)

பதில்: உருக்குத் தகட்டுக்குச் சரி. சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடியிலும் சில்லின் மேல்வளைவிலும் நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் பெயின்றுக்குக் கீழே பட்டி (ஓட்டையையும் நெளிவையும் நிரப்பும் பசை) தடிப்பாக அப்பியிருக்கிறது. அலுமினியத்தில் காந்தம் எங்குமே ஒட்டாது என்பதால் அங்கே இந்தச் சோதனை பயன்படாது.

கேள்வி: வவுனியாவில் பழைய லாண்ட்ரோவர் ஒன்று விலைக்கு இருக்கிறது. உடல் அலுமினியம் என்பதால் பயமின்றி வாங்கலாமா? (வாசகர், செட்டிகுளம்)

பதில்: அந்த வாகனம் 1948இல் அறிமுகமானபோது போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியது, அதனால்தான் பேர்மாபிறைற் என்ற அலுமினிய மக்னீசியக் கலப்புலோகத்தில் அதன் தகடுகளைச் செய்தார்கள். அன்றைய தட்டுப்பாட்டின் புண்ணியத்தில் அந்த வாகனங்களின் மட்கார்டுகளும் பக்கத் தகடுகளும் இன்றும் நெளிந்தும் கீறியும் காணப்படுகின்றனவே தவிர, ஓட்டை விழுந்து உதிர்ந்தவை குறைவு. ஆனால் சசியும், இயந்திரத்துக்கும் சாரதிக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரும் உருக்கு. வெளித் தகட்டின் பளபளப்பைக் கண்டு விலை பேச வேண்டாம். வாகனத்தின் கீழே படுத்து, சசியின் பின்குறுக்குச் சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: ‘டிங்’ என்று ஒலித்தால் உலோகம் இருக்கிறது, மந்தமாக ஒலித்தால் உள்ளே கறள் பொருக்கு நிறைந்திருக்கிறது. பின்னர் சாரதியின் கால் வைக்கும் தகட்டை விரிப்பு நீக்கிப் பார்த்து, அதற்கு மேலே கதவு பிணைச்சல் இறங்கும் தூணின் அடியில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். திருப்புளி உள்ளே போனால் வாங்க வேண்டாம்.