ஆலோசகர் தொட்டுச் சிகிச்சை தரலாமா?

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் பைக்கில் போனபோது பின்னாலிருந்து லாரி இடித்துவிட்டது. காயம் ஆறிவிட்டது. ஆனால் யாராவது பின்பக்கமாக வந்து தொட்டால் இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது. என் மனநல ஆலோசகர் அடுத்த வாரத்திலிருந்து தொடு சிகிச்சையும் சேர்க்கலாம் என்கிறார். சம்மதிக்கலாமா? (வாசகி, வயது 34)

பதில்: உடனே சரி சொல்லிவிட வேண்டாம். இது இல்லாமலேயே குணமாகலாம். அதிர்ச்சிக்குப் பிறகும் நீடிக்கும் இந்த மாதிரிப் பாதிப்புக்கு (பிடிஎஸ்டி) உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்த சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை), இஎம்டிஆர் (கண்ணை இடமும் வலமும் அசைத்தபடி நடந்ததை நினைத்துப் பார்க்கும் சிகிச்சை) இரண்டுக்கும் தொடுதல் கட்டாயமில்லை. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின் வழியில் வந்த உடல்சார் சிகிச்சையில் சிலர் தொடுவதுண்டு. அதற்கான ஆய்வுச் சான்று இன்னும் குறைவுதான்.

சரியாகச் செய்தால் பலன் எங்கிருந்து வருகிறது? அன்று உங்களைக் கேட்காமலே உங்கள் உடம்புக்கு ஒன்று நடந்துவிட்டது. இங்கே ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். "முன்கையில், மணிக்கட்டுக்கு மேலே கை வைக்கட்டுமா? எப்போது வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லுங்கள்" என்று கேட்டு, எதிரில் உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி உட்கார்ந்துதான் தொடவேண்டும். உங்கள் விஷயத்தில் முதுகுப்பக்கம் ஆரம்பத்தில் கூடவே கூடாது. நம்மவர்கள் டாக்டர் மனம் கோணக்கூடாதென்று எதற்கும் தலையாட்டிவிடுவார்கள். அனுபவமுள்ளவர் தலையாட்டலை நம்பாமல் மூச்சைக் கவனிப்பார். மூச்சு நின்றாலோ தோள் விறைத்தாலோ, நீங்கள் சொல்வதற்கு முன்பே கையை எடுத்துவிடுவார். நான் முதலில் "வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லத்தான் பழக்குவேன்.

அதுவரை உங்கள் கையே போதும். 1997இல் மெக்சிகோவின் அகபுல்கோவைப் பாலின் புயல் தாக்கியது. அதில் பிழைத்தவர்களுக்கு உதவியபோது சிகிச்சையாளர் லூசினா அர்த்திகாஸ் உருவாக்கியது 'பட்டாம்பூச்சி அணைப்பு'. கைகளை மார்பின் குறுக்கே வைத்து, விரல்நுனி காறை எலும்புக்குக் கீழே படும்படி, வலது இடது என்று மாற்றி மாற்றி மெதுவாகத் தட்டுங்கள். போதும் என்று தோன்றினால் நிறுத்திவிடலாம். படபடப்பு கூடினாலும் நிறுத்திவிடுங்கள்.

அடுத்த வாரம் அவரிடம் கேளுங்கள்: எங்கே தொடுவீர்கள், எதற்காக, இதற்குப் பயிற்சி எங்கே பெற்றீர்கள், நான் மறுத்தால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தால் ஆளை மாற்றுங்கள். ஆடையைத் தளர்த்தச் சொன்னாலோ, "வீட்டில் சொல்லாதீர்கள்" என்றாலோ அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். பாலியல் தொடுதல் எந்தச் சிகிச்சையிலும் கிடையாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொண்டால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்கலாம், தப்பில்லை. வேறொருவரிடம் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது; இலவசம், தமிழிலேயே பேசலாம்.