கேள்வி-பதில்: காகம் போட்ட கல்

கேள்வி: நான்காம் வகுப்பில் காகமும் பானையும் கதையை வாசித்துவிட்டு, ஜாடியில் கூழாங்கல் போட்டுக் காட்டினேன். தண்ணீர் மேலே வரவேயில்லை. “கதை பொய், மிஸ்!” என்று பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கே பிசகு?
- ஆசிரியை, ரோஸ்ஹில், மொரிஷியஸ்

பதில்: தண்ணீர் குறைவாக இருந்திருக்கும். கற்களை எப்படி அடுக்கினாலும் நடுவே சந்து விழும். ஒரே அளவு உருண்டைகளானால், அவை நிரம்பிய இடத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வெறும் சந்துதான். அதை நிரப்பவே தண்ணீர் போதாவிட்டால் கல் மேலே வரும், தண்ணீர் அடியிலேயே நிற்கும்.

கூழாங்கல்லை விடுங்கள், கோலிக்குண்டு வாங்குங்கள். நம் தீவின் எரிமலைக் கல்லிலும் கடற்கரைப் பவளத் துண்டிலும் துளைகள் உண்டு. காய்ந்திருந்தால் தண்ணீரைக் குடித்துவிடும். அதுதான் வேண்டுமென்றால் முதல் நாள் இரவே ஊறப் போடுங்கள்.

பக்கவாட்டு நேராக உள்ள, 200 மி.லி. பிடிக்கும் இரண்டு கண்ணாடி ஜாடிகள் போதும். ஒன்றில் 120 மி.லி., மற்றதில் 40 மி.லி. தண்ணீர். காகம் பானைக்குள் எட்டிப் பார்க்கும் இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டு, எத்தனை கோலி வேண்டும் என்று ஆளுக்கொரு எண் எழுதச் சொல்லுங்கள். முடிவைப் பார்த்தபின் எழுதுவது ஊகம் ஆகாது. 16 மி.மீ. கோலி ஒன்று 2 மி.லி.க்குச் சற்று அதிகமாக இடம் பிடிக்கும். முதல் ஜாடி 37 கோலி அளவில் விளிம்பைத் தொடும். இரண்டாவதில் கோலி வாய்வரை நிரம்பினாலும் தண்ணீர் பாதியோடு நின்றுவிடும். ஜாடியைச் சாய்த்து மெதுவாக உருட்டி விடுங்கள். மேலிருந்து போட்டால் தெறிக்கும், கணக்குக் கெடும்.

பிறகு வயிறு பருத்த பானையில் செய்யுங்கள். வயிற்றுப் பகுதியில் மட்டம் மெல்ல ஏறும், கழுத்துக்கு வந்ததும் விறுவிறுவென்று ஏறும். ஏன் என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும்; அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள். தண்ணீர் போதாத பானைக்கு அந்தக் காகம் என்ன செய்யும் என்று கதையை மாற்றி எழுதச் சொன்னால், தமிழ்ப் பாடமும் அதிலேயே முடியும். பெரிய கல்லோடு பொடிக்கல்லும் போட்டால் சந்து குறையும் என்று யாராவது எழுதினால், அந்தப் பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது.

கேள்வி: காகம் உண்மையில் இப்படிச் செய்யுமா?
- மாணவர், போர்ட் லூயி

பதில்: காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ரூக் என்ற பறவை செய்திருக்கிறது. 2009இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வில், ஒரு குழாய்க்குள் இருந்த தண்ணீரில் மிதந்த புழுவை எடுக்க அது கல் போட்டது. தாகத்துக்காக அல்ல, தீனிக்காக.