ஸ்டிக்கர் உரிந்த பழைய ஸ்டில் (Stihl) சங்கிலி ரம்பம்: மாடலைக் கண்டுபிடிக்க

நண்பரே, உங்கள் ஸ்டில் நிறுவனச் சங்கிலி ரம்பத்தின் மாடல் ஸ்டிக்கர் போய்விட்டது, வேகம் கொடுத்ததும் எஞ்சின் அணைந்துவிடுகிறது என்கிறீர்கள். மேல்மூடியின் வடிவத்தை நம்பாதீர்கள். பழைய ரம்பத்தில் அது எப்போதோ மாற்றப்பட்டிருக்கலாம். கிராங்க்கேஸை (எஞ்சினின் அடிக்கூட்டை) துடைத்து, உலோக வார்ப்பிலேயே பதிந்துள்ள எண்ணைப் பாருங்கள். ஸ்டில் உதிரிபாக எண்ணுக்கு 11 இலக்கங்கள். முதல் நான்கு மாடல் குடும்பத்தைக் குறிக்கும். 1128 என்றால் 044 மாடல் வகை. ஒரே பாகம் பல மாடல்களில் வரும் என்பதால் இரண்டு மூன்று பாகங்களையாவது ஒப்பிடுங்கள்.

வேகம் கொடுத்ததும் அணைந்துவிடுவதற்கு, கார்புரேட்டரின் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பாகம்) டயாப்ரம் என்ற மெல்லிய சவ்வின் மீதுதான் எனக்குச் சந்தேகம். அட்டைபோல விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதற்கு ரம்பத்தின் மாடலே தேவையில்லை. கார்புரேட்டரின் மேலேயே வால்ப்ரோ, சாமா என்று தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். அந்த எண்ணுக்குரிய டயாப்ரம் கிட் போதும். எரிபொருள் குழாயையும் சேர்த்து மாற்றுங்கள், விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

செயின் வாங்குமுன் அதன் பிட்ச் (கண்ணி இடைவெளி அளவு) தெரிய, கண்ணிகளை இணைக்கும் ரிவெட்டுகளில் அடுத்தடுத்த மூன்றை எடுத்து, முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து பாதியாக்குங்கள்: சுமார் 9.3 மி.மீ. வந்தால் 3/8 அங்குலச் செயின், 8.25 மி.மீ. வந்தால் 0.325 அங்குலச் செயின்.