தெருமுனைக் காலிமனையில் தோட்டம்: கேள்வி பதில்

கேள்வி: வேளச்சேரியில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து காலிமனையில் தோட்டம் போடப் போகிறோம், சார். உரிமையாளர் சம்மதித்துவிட்டார். தோண்டினால் செங்கலும் சிமென்ட் கட்டியுமாக வருகிறது. மண்ணை மாற்றணுமா?

பதில்: அடிமண்ணைத் தொடவே வேண்டாம். சிமென்ட் காரை கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும். இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது, துளிர் மஞ்சளடிக்கும். மேலேயே மேட்டுப்பாத்தி போடுங்கள். அகலம் 4 அடியைத் தாண்டக் கூடாது. அப்போதுதான் இருபுறமும் நின்றே களை எடுக்கலாம், பாத்திக்குள் கால்பட்டு மண் இறுகாது. 10 அடி நீளம், 1 அடி உயரத்துக்கு 40 கன அடி கலவை பிடிக்கும்: செம்மண் 20, மக்கிய தொழுவுரம் 10, தென்னைநார்க் கழிவு 10, கூடவே வேப்பம்பிண்ணாக்கு 1 கிலோ. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசி உப்பை இறக்கிய பிறகே சேருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும் பகுதி உங்களுடையது. செலவைப் பார்க்காமல் பாத்தி உயரத்தை 1 அடிக்குப் பதில் ஒன்றரை அடியாக்குங்கள். தண்ணீர் தேங்கினால் வேரழுகிச் செடி போய்விடும்.

கேள்வி: தூவிய அரைக்கீரை விதை முளைக்கவே இல்லை.

பதில்: பெரும்பாலும் எறும்பு இழுத்துப் போயிருக்கும். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு மணல் கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்வை போடுங்கள். பாத்தி ஓரத்தில் கொஞ்சம் அரிசிமாவு தூவினால் எறும்பு அதற்குப் போய்விடும். பூவாளியால் மட்டுமே தண்ணீர்; குழாயைப் பிடித்தால் விதை ஒரு மூலையில் ஒதுங்கும்.

கேள்வி: போர்வெல் தண்ணீர் உப்பு. என்ன வைக்கலாம்?

பதில்: கொத்தவரை, பீட்ரூட் தாங்கும். பீன்ஸ் தாங்காது. தினமும் மேலாகத் தெளித்தால் உப்பு மேல்மண்ணிலேயே படியும். மேல்மண் காய்ந்த பிறகு, அடிவரை இறங்கும்படி ஒரே தடவையாக ஊற்றுங்கள்.

கேள்வி: கத்தரியில் மாவுப்பூச்சி போகமாட்டேங்குது அண்ணா.

பதில்: அதன் மேலுள்ள மெழுகு மருந்தை உள்ளே விடாது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள். பிறகு 5 மில்லி வேப்பெண்ணெயில் 2 மில்லி சோப்புக் கரைசலைக் குழைத்து, 1 லிட்டர் தண்ணீரில் கலக்கி, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். எறும்புப் புற்றையும் கலையுங்கள். இனிப்புக் கழிவுக்காக எறும்பு அந்தப் பூச்சியைக் காவல் காக்கும்.

கேள்வி: உரக்குழி நாறுகிறது என்று பக்கத்து வீட்டில் சண்டை.

பதில்: ஈரம் அதிகம். ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு போட்டு, வாரம் ஒருமுறை கிளறுங்கள். மீன், இறைச்சி வேண்டாம், பெருச்சாளி வரும்.