எதிரில் வருபவர் கண் கூசாமல், காருக்கு இன்னும் வெளிச்சமான ஹெட்லைட் பல்ப் எதைப் போடலாம்?

உங்கள் காருக்குப் பத்து வயது தாண்டியிருக்கும். ராத்திரியில் ரோடு மங்கலாகத் தெரியும். கடைக்காரர் "எல்இடி போட்டுடலாம் சார், பகல் மாதிரி இருக்கும்" என்றிருப்பார். அதை நம்பிப் போட்டவன் நான்.

என்னுடையது 2009 ஸ்விஃப்ட், எச்4 ஹாலோஜன் பல்ப்; டிம்முக்கும் பிரைட்டுக்கும் இரண்டு இழையும் ஒரே பல்பில் இருக்கும் வகை. கோவையில் ஒரு கடையில் எல்இடி ஜோடி மாட்டினேன். சுவரில் அடித்துப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருந்தது. அடுத்த வாரமே மாமனார் ஊருக்கு, தாராபுரம் தாண்டி மூலனூர் பக்கம், விடியுமுன் போய்ச் சேர்கிற மாதிரி கிளம்பினோம். எதிரில் வந்த லாரிகள் எல்லாம் பளிச் பளிச்சென்று லைட்டைப் போட்டுக் காட்டின. நான் டிம்மில்தானே போகிறேன், இவர்களுக்கு என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குள் திரும்பும் வளைவில் எதிரே ஒரு டிவிஎஸ் எக்ஸெல், இரண்டு பக்கமும் பால் கேன். தடுமாறி, வேலியோரம் இறங்கிச் சாய்ந்துவிட்டது. "எவன்டா அவன், கண்ணைப் பொட்டையாக்கறதுக்குன்னே வர்றான்!" இறங்கி ஓடினால் என் மாமனார். என்னைப் பார்த்ததும் குரல் அப்படியே இறங்கிவிட்டது. "மாப்ளைங்களா... வாங்க வாங்க. இருட்டுல தெரியலைங்க." இருட்டிலாம்! சொசைட்டிக்குப் போக வேண்டிய பால் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவருக்குக் கண்புரை வேறு. புரை விழுந்த கண்ணில் வெளிச்சம் சிதறும், கூச்சம் இன்னும் அதிகம்.

அப்புறம்தான் உட்கார்ந்து விசாரித்தேன். எச்4 பல்பில் டிம்முக்கான இழைக்கு அடியில் சின்னதாக ஓர் உலோகக் கிண்ணம் இருக்கும். ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் வெளிச்சம் பட்டு மேலே தெறிக்காமல் தடுப்பது அதுதான். அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கு வைத்துத்தான் ரிஃப்ளெக்டரையே வளைத்திருக்கிறார்கள். எல்இடி சில்லு இம்மி விலகினாலும் வெளிச்சம் ரோட்டில் விழாமல் எதிராளி முகத்தில் விழும். கம்பெனியிலிருந்தே எல்இடியோடு வந்த கார் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்; உங்கள் விளக்கு முழுவதும் அதற்கென்றே செய்தது. நான் மெக்கானிக்கும் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

இப்போது போட்டிருப்பது பழையபடி 60/55 வாட்ஸ் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) ஹாலோஜன்தான், நல்ல கம்பெனி பல்ப். கூடுதல் வெளிச்சம் தருவதாகச் சொல்லும் ஹாலோஜன்களும் அதே வாட்ஸில் கிடைக்கின்றன, ஆயுசு கம்மி. 100/90 வேண்டாம், சூட்டில் ஹோல்டர் உருகும். நீலப் பூச்சு பல்ப் பார்க்க ஸ்டைலாக இருக்கும், ஆனால் பூச்சே வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

உண்மையில் வித்தியாசம் வந்தது பல்பால் இல்லை. மஞ்சளித்துப் போன லென்ஸைத் தண்ணீர்ப் பேப்பரால் தேய்த்துப் பாலிஷ் போட்டேன், பாதிக் குறை அங்கேயே தீர்ந்தது. பிறகு ரிலே வைத்துத் தனி வயரிங்; பழைய சுவிட்ச் வழியாகச் சுற்றாமல், பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு கரண்ட் போகும். பல்புக்குப் போகும் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஹாலோஜன் வெளிச்சம் 30 சதவீதம் போலக் குறைந்துவிடும். பழைய சுவிட்சும் வயரும் அவ்வளவு தின்கின்றன.

கடைசியாக, சமதரையில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி, டிம்மின் மேல்விளிம்பு விளக்கின் நடு உயரத்தைவிட 3 இன்ச் கீழே விழும்படி ஹெட்லைட்டின் திருகைத் திருகினேன். இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேலேறித் தெரியும், அது நம் ஓரத்தைக் காட்டத்தான். அதைக் கோளாறு என்று நினைத்து இறக்கிவிடாதீர்கள். பின்சீட்டில் ஆளும் டிக்கியில் மூட்டையும் ஏறினால் மூக்கு தூக்கும். எப்போதும் குடும்பத்தோடு போகிறவர் அப்படியே ஏற்றி வைத்து அளக்கலாம்.

அந்த எல்இடியைத் திருப்பிக் கொடுக்கப் போனால் "பில் இருக்குதுங்களா?" என்கிறார்கள். வாங்கும்போது பில் கேட்டதற்கு "பில்லு போட்டா வரி சேர்ந்துடும் சார்" என்று சொன்னதும் இதே ஆள்தான். பேட்டரிக் கடை, டைல்ஸ் கடை, எங்கே போனாலும் இதே கதை. பில் கேட்பவனைக் கடன் கேட்க வந்தவனைப் போலப் பார்க்கிறார்கள்.

பல்ப் இரண்டும் டப்பாவோடு வீட்டில் கிடக்கின்றன. போன மாதம் மாமனார் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங் மாப்ள, அதைப் பழைய பேட்டரில மாட்டி மாட்டுக்கொட்டாய்க்குப் போடலாமுங்களா?" பொங்கலுக்குப் போகும்போது எடுத்துப் போக வேண்டும்.